உப்புக்குள் நிற்கும் நீர்

உரக்கடையில் துத்தநாக சல்ஃபேட் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒரு மூட்டையில் துத்தநாகம் 21 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள். இன்னொன்றில் 33 விழுக்காடு. நெல் வயலுக்கு எக்டேருக்கு 25 கிலோ என்று பரிந்துரைப்பது பொதுவாக முதல் வகையை மனத்தில் வைத்துத்தான். இரண்டாம் வகை என்றால் 16 கிலோவிலேயே அதே அளவு துத்தநாகம் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டிலும் இருக்கும் உப்பு ஒன்றுதான், வேறுபாடு நீரில் இருக்கிறது. முதல் வகையில் ஒவ்வொரு துத்தநாக அணுவுக்கும் ஏழு நீர் மூலக்கூறுகள். இரண்டாவதில் ஒன்றே ஒன்று. ஏழு நீர் உள்ள வகையில் 50 கிலோ மூட்டை வாங்குகிறவர் ஏறத்தாழ 22 கிலோ நீரையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஆனால் கையில் அள்ளிப் பார்த்தால் ஈரம் ஒட்டாது, மணி மணியாக உதிரும்.

பள்ளியில் இதைப் படிக நீர் என்று படித்திருக்கிறோம். மயில்துத்தம் என்ற செம்பு சல்ஃபேட்டில் ஐந்து நீர், அன்னபேதி என்ற இரும்பு சல்ஃபேட்டில் ஏழு, எப்சம் உப்பு என்ற மக்னீசியம் சல்ஃபேட்டில் ஏழு, ஜிப்சத்தில் இரண்டு. வாய்பாட்டில் உப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து நீரின் எண்ணிக்கையை எழுதுவோம். அந்தப் புள்ளி எதையும் விளக்குவதில்லை. உப்பு ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம், இரண்டும் எப்படியோ சேர்ந்திருக்கின்றன என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. நீரை விருந்தாளிபோல நினைக்க அது நம்மைப் பழக்கிவிடுகிறது. படிகத்தின் உள்ளமைப்பைப் பார்த்தவர்கள் கண்டது நேர் எதிரானது. இந்த உப்புகளில் பாரத்தைத் தாங்கி நிற்பதே நீர்தான்.

அந்த உள்ளமைப்பைப் பார்க்கும் கருவி பிறந்தபோது அதன் முன் வைக்கப்பட்ட முதல் பொருள் மயில்துத்தப் படிகம். 1912 ஏப்ரலில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி வால்டர் ஃபிரீட்ரிஷும் பவுல் நிப்பிங்கும் எக்ஸ் கதிர்களை ஒரு படிகத்தின் வழியே செலுத்தினார்கள். எக்ஸ் கதிர் அலையா துகளா என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. படிகத்துக்குள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் ஊகமாகவே இருந்தது. எளிதில் பெரிதாக வளர்வது, கையில் கிடைப்பது என்பதால் மயில்துத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். படிகத்துக்குப் பின்னால் வைத்த ஒளிப்படத் தகட்டில், நடுப்புள்ளியைச் சுற்றி மங்கலான நீள்வட்டக் கறைகள் விழுந்தன. அதே படிகத்தைப் பொடித்து வைத்தபோது அந்தக் கறைகள் காணாமல் போயின. எக்ஸ் கதிர் அலைதான், படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன என்ற இரண்டு முடிவுகளும் ஒரே தகட்டிலிருந்து கிடைத்தன. லாவேக்கு 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது.

ஆனால் அந்தத் தகட்டை வைத்து மயில்துத்தத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அதன் படிகம் முச்சரிவு வகையைச் சேர்ந்தது. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறு பெட்டியான அலகுக்கூட்டில் எந்த இரண்டு விளிம்புகளும் சமமில்லை, எந்தக் கோணமும் செங்கோணமில்லை. சமச்சீர் மிகக் குறைந்த இப்படிப்பட்ட படிகத்தை அவிழ்ப்பது மிகக் கடினம். மியூனிக் குழுவினர் உடனே கனசதுர வடிவமுள்ள துத்தநாக சல்ஃபைடுக்கு மாறிக்கொண்டார்கள். பிராக் தந்தையும் மகனும் 1913-ல் சமையல் உப்பையும் வைரத்தையும் அவிழ்த்துக் காட்டினார்கள். முதன்முதலில் எக்ஸ் கதிர் பட்ட மயில்துத்தமோ 22 ஆண்டுகள் காத்திருந்தது.

அந்த இடைவெளியில் வேதியியலர்கள் கையில் ஒரு கோட்பாடு மட்டும் இருந்தது. 1893-ல் ஆல்ஃபிரட் வெர்னர், உலோக அயனி தன்னைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகளை நேரடியாகப் பிணைத்துக்கொள்ளும் என்றார். பெரும்பாலும் ஆறு, எண்முகியின் ஆறு முனைகளில். அப்படியானால் ஏழு நீர் உள்ள உப்பில் ஆறு நீர் உலோகத்தைச் சுற்றி நிற்கலாம், ஏழாவது? ஐந்து நீர் உள்ள மயில்துத்தத்தில் ஆறாவது முனையில் யார்? கோட்பாடு சொன்ன எண்ணும் உப்பில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை. நான்கு நீர் செம்புக்கு, ஒன்று சல்ஃபேட்டுக்கு என்று காகிதத்தில் பங்கு பிரித்தார்கள். பல பாடநூல்களில் இன்றும் அந்தப் பிரிப்பு அப்படியே இருக்கிறது.

1934-ல் விடை வந்தது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இருபதுகளில் இருந்த இரண்டு இளைஞர்கள், ஆர்னால்ட் பீவர்ஸும் ஹென்றி லிப்சனும், மயில்துத்தத்தின் அமைப்பை முழுமையாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வேலை செய்த முறையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். படிகம் சிதறடிக்கும் ஒவ்வொரு எக்ஸ் கதிர்ப் புள்ளியும் படிகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் அடர்த்தியின் ஓர் அலைக்குச் சமம். எல்லா அலைகளையும் கூட்டினால் எலக்ட்ரான்கள் எங்கே குவிந்திருக்கின்றன, அதாவது அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பது வரைபடமாகத் தெரிந்துவிடும். புள்ளியின் செறிவை அளந்தால் அலையின் உயரம் கிடைக்கும். ஆனால் அந்த அலையைக் கூட்டுவதா கழிப்பதா என்பதைப் புள்ளி சொல்லாது. மயில்துத்தத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தது செம்பு. மற்ற அணுக்களைவிடக் கனமான செம்பு, படிகத்தின் சமச்சீர் மையங்களிலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் பல புள்ளிகளின் குறியைச் செம்பின் பங்களிப்பே முடிவுசெய்தது.

மீதி வேலை கூட்டல். பல அலைகளை, அலகுக்கூட்டின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும், கையால் கூட்டவேண்டும். கணினி இல்லாத காலம். இதற்காகப் பீவர்ஸும் லிப்சனும் அட்டைப் பட்டைகள் தயாரித்தார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஓர் அலையின் சைன் அல்லது கொசைன் மதிப்புகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தேவையான பட்டைகளைப் பெட்டியிலிருந்து உருவி, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, நெடுக்காகக் கூட்டிக்கொண்டே போனால் அடர்த்தி கிடைக்கும். பின்னாளில் இந்தப் பட்டைகள் மரப்பெட்டிகளில் அச்சாகி உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் போயின. கணினி வரும்வரை ஒரு தலைமுறைப் படிகவியலர்கள் அவற்றை வைத்தே அணுக்களைத் தேடினார்கள்.

கூட்டி முடித்தபோது தெரிந்தது இது. செம்பைச் சுற்றி ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு நீர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.95 ஆங்ஸ்ட்ராம் தொலைவில். சதுரத்துக்கு மேலும் கீழும் இரண்டு இடங்கள் மிச்சம். அவற்றில் நீர் இல்லை, இரண்டு வெவ்வேறு சல்ஃபேட்டுகளின் ஆக்சிஜன்கள் இருந்தன, ஏறத்தாழ 2.4 ஆங்ஸ்ட்ராம் தொலைவில். ஆக மொத்தம் ஆறு. வெர்னரின் எண் சரிதான், அந்த ஆறும் நீராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு. ஒரு சல்ஃபேட் இரண்டு செம்புகளுக்குப் பொதுவாக நிற்பதால் செம்பு, சல்ஃபேட், செம்பு, சல்ஃபேட் என்று சங்கிலி நீள்கிறது. ஐந்தாவது நீர் எந்தச் செம்பையும் தொடவில்லை. சங்கிலிகளுக்கு இடையே நின்று, ஒரு பக்கம் செம்பைச் சுற்றிய நீரையும் மறுபக்கம் சல்ஃபேட்டின் ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் பிணைப்பால் இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒரே படிகத்தில் இரண்டு வகை நீர்.

மேலும் கீழும் உள்ள பிணைப்புகள் ஏன் இவ்வளவு நீண்டிருக்கின்றன என்பதற்குக் காரணம் செம்பின் எலக்ட்ரான்கள். ஒன்பது டி எலக்ட்ரான்கள் உள்ள செம்பு அயனி ஒழுங்கான எண்முகிக்குள் நிலையாக இருக்க முடியாது. ஒரு திசையில் நீண்டு, மற்ற இரண்டில் சுருங்கி நெளியும். யான், டெல்லர் என்ற இருவர் 1937-ல் நிறுவிய தேற்றம் இதற்கு அடிப்படை. மயில்துத்தத்தின் நீலமும் இங்கிருந்தே வருகிறது. நெருக்கமாக நிற்கும் நான்கு நீரும் செம்பின் எலக்ட்ரான் மட்டங்களை விலக்கி வைப்பதால் அது சிவப்புப் பகுதி ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நீர் போய் சல்ஃபேட் ஆக்சிஜன்கள் மட்டும் சுற்றி நின்றால் அந்த விலக்கம் குறைந்து, உறிஞ்சல் அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடும், கண்ணுக்கு வெள்ளை.

இதே படிகத்தை இன்னொரு வழியில், எக்ஸ் கதிரே இல்லாமல், துருவிப் பார்த்தவர் ஒரு தமிழர். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் ராமனுடன் நின்றவர் என்றே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய சொந்தப் பெரும்பணி படிகங்களின் காந்தப் பண்பில் இருக்கிறது; அதற்கு உரிய கவனம் தமிழில் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். டாக்காவில் தொடங்கிய அந்த வேலையை 1933-க்குப் பின் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் தொடர்ந்தார். கருவி எளிமையானது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடுவார்கள். படிகத்தின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை மாறுபட்டால், அது எந்தத் திசையில் அதிகமோ அந்தத் திசையைப் புலத்தோடு பொருத்திக்கொண்டு நிற்கும். இழையின் மேல்முனையை மெதுவாகத் திருக வேண்டும். இழை முறுக்கேறும், படிகம் பிடிவாதமாக நிற்கும். ஒரு கோணத்தைத் தாண்டியதும் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கோணத்திலிருந்து, இரண்டு திசைகளுக்கு இடையே காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை நுட்பமாகக் கணக்கிடலாம்.

கிருஷ்ணனும் ஏ. முகர்ஜியும் 1936-லும் 1938-லும் மயில்துத்தத்தைப் பற்றி இரண்டு கட்டுரைகளை ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் வெளியிட்டார்கள். வெளிவடிவத்தில் சமச்சீர் மிகக் குறைந்த இந்தப் படிகம், காந்தப் பண்பில் ஏறத்தாழ ஒற்றை அச்சு உடையதாக நடந்துகொள்கிறது. முச்சரிவுப் படிகத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. லிவர்பூலின் வரைபடத்தை வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடுகிறது. அலகுக்கூட்டில் செம்பு அயனிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நீரின் சதுரம், அதற்குச் செங்குத்தாக நீண்ட அச்சு. அந்த இரண்டு நீண்ட அச்சுகளும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தாகச் சாய்ந்திருக்கின்றன. காந்த ஏற்புத்திறன் நீண்ட அச்சின் வழியே அதிகம். இரண்டு அச்சுகளும் கிடக்கும் தளத்தில் எந்தத் திசையில் அளந்தாலும் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்துவிடும். அந்தத் தளத்துக்குச் செங்குத்தான திசை மட்டும் தனித்துத் தெரியும். அதுதான் கிருஷ்ணன் கண்ட ஒற்றை அச்சு. இழையில் தொங்கிய ஒரு நீலத் துணுக்கு, தன்னுள் நீர்ச் சதுரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை இப்படிச் சொல்லிவிட்டது. எக்ஸ் கதிர் இடத்தைக் காட்டியது. காந்தம் அந்த இடத்தில் நிற்பதன் விளைவைக் காட்டியது. இரண்டு சான்றுகளும் பொருந்தியபிறகு மயில்துத்தத்தின் அமைப்பில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

மற்ற சல்ஃபேட்டுகளையும் இதே கண்ணோடு பார்த்தால், புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கள் தாறுமாறானவை இல்லை என்பது தெரியவரும். உலோகத்துக்கு ஆறு ஆக்சிஜன் வேண்டும். அவை நீரின் ஆக்சிஜனா சல்ஃபேட்டின் ஆக்சிஜனா என்பதுதான் நீரின் அளவைப் பொறுத்து மாறும். மக்னீசியம் சல்ஃபேட் இதற்கு மிகத் தெளிவான குடும்பம். ஏழு நீர் உள்ள எப்சம் உப்பில் ஆறு நீர் மக்னீசியத்தைச் சுற்றி நிற்கின்றன, ஏழாவது தனியே நிற்கிறது. ஆறு நீர் உள்ள ஹெக்சாஹைட்ரைட்டில் ஆறும் மக்னீசியத்துக்கே. ஐந்தில் மயில்துத்தத்தின் கதை: நான்கு நீர், இரண்டு சல்ஃபேட் ஆக்சிஜன், ஒரு தனி நீர். நான்கு நீர் உள்ள ஸ்டார்க்கியைட்டில் தனி நீர் போய்விடுகிறது. நான்கு நீர், இரண்டு சல்ஃபேட் ஆக்சிஜன் மட்டும். அங்கே சங்கிலி இல்லை. இரண்டு மக்னீசியமும் இரண்டு சல்ஃபேட்டும் கைகோத்து வளையமாகின்றன. ஒரே நீர் உள்ள கீசரைட்டில் நான்கு சல்ஃபேட் ஆக்சிஜன், இரண்டு நீர். ஒரு நீர் மட்டும் இருக்கும்போது இரண்டு எப்படி என்றால், ஒவ்வொரு நீரையும் இரண்டு மக்னீசியங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. உரக்கடையின் 33 விழுக்காட்டுத் துத்தநாக சல்ஃபேட்டின் கட்டமைப்பும் இதே கீசரைட் வகைதான்.

எப்சம் உப்பின் கட்டமைப்பில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. அதில் மக்னீசியமும் சல்ஃபேட்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நேராகக் கவர்ந்து ஒட்டிக்கொள்வதுதான் உப்பு என்று நாம் படித்த இலக்கணம். இங்கே இரண்டுக்கும் நடுவில் நீர் நிற்கிறது. மக்னீசியம் தன்னைச் சுற்றியுள்ள நீரின் எலக்ட்ரான்களை இழுக்கிறது. அதனால் அந்த நீரின் ஹைட்ரஜன்கள் வழக்கத்தைவிடக் கூடுதல் நேர்மின் தன்மை பெறுகின்றன. அவை சல்ஃபேட்டின் ஆக்சிஜன்களை வலுவாகப் பற்றுகின்றன. உலோகத்தைத் தொடாத சல்ஃபேட் ஆக்சிஜனுக்கு மின்சுமை ஈடாவது இந்த ஹைட்ரஜன் பிணைப்புகளால்தான். உலோகத்தின் கவர்ச்சியை நீரே கைமாற்றிக் கொடுக்கிறது. நீரை எடுத்துவிட்டால் படிகம் நொறுங்குவது அதனால்தான். தாங்கி நின்ற பகுதியை உருவிய பிறகு மிஞ்சியவை புதிதாக அடுக்கிக்கொண்டே ஆகவேண்டும்.

ஹைட்ரஜன் எங்கே நிற்கிறது என்பதை எக்ஸ் கதிர் நேராகக் காட்டாது. ஒற்றை எலக்ட்ரான் உள்ள அணு அதற்கு ஏறத்தாழ தென்படாது. பீவர்ஸும் லிப்சனும் ஆக்சிஜன்களுக்கு இடையிலான தொலைவை வைத்தே ஹைட்ரஜன் பிணைப்புகளை உய்த்தறிந்தார்கள். நியூட்ரான்கள் அணுக்கருவால் சிதறுபவை. அவற்றுக்கு ஹைட்ரஜன் நன்றாகத் தெரியும். 1962-ல் பேக்கனும் கரியும் நியூட்ரான் கற்றையைக் கொண்டு மயில்துத்தத்தின் ஐந்து நீரின் பத்து ஹைட்ரஜன்களையும் இடம் கண்டு உறுதிசெய்தார்கள். அதே பத்தாண்டில் வெர்னர் பவுர் பல நீரேறிய சல்ஃபேட்டுகளின் அமைப்பை ஒப்பிட்டு, ஹைட்ரஜன் பிணைப்புகள் எந்த ஒழுங்கில் அமைகின்றன என்பதை வகுத்துக்காட்டினார்.

இந்த இடத்தில் பாடநூல்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் முதலில் இரண்டு நீர், பிறகு இரண்டு, கடைசியாக 200 டிகிரி செல்சியசைத் தாண்டி ஒன்று வெளியேறும். இது சோதனையில் காண்பது. சோதனைக்குழாயில் ஒரு நீலத் துண்டைப் போட்டு மெதுவாகச் சூடேற்றினால் குழாயின் மேற்பகுதியில் துளிகள் கோக்கும். துண்டின் விளிம்புகள் வெளிறும். தெளிந்த நீலம் பால்போல் மங்கும். கடைசியில் கையால் தொட்டாலே உதிரும் வெள்ளைப் பொடி மிஞ்சும். கடைசியாகப் போகும் அந்த ஒரு நீர் யார்? ஹைட்ரஜன் பிணைப்பில் கட்டுண்டிருந்த ஐந்தாவது நீர்தான், அது எல்லாவற்றையும்விட வலுவாகப் பிடிபட்டிருக்கிறது என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் மூன்று நீர் உள்ள செம்பு சல்ஃபேட்டின் அமைப்பைப் பார்த்தால் மூன்று நீரும் செம்பை நேராகத் தொட்டே நிற்கின்றன, மற்ற மூன்று இடங்களில் சல்ஃபேட் ஆக்சிஜன்கள். தனியாக நிற்கும் நீருக்கு அங்கே இடமே கிடையாது. ஒரு நீர் உள்ள உப்பில், கீசரைட்டைப் போலவே, அந்த ஒரு நீர் இரண்டு செம்புகளுக்கு நடுவில் பொதுவாகக் கட்டுண்டிருக்கிறது. கடைசியாகப் போகும் நீர் விடாப்பிடியாக நிற்பது அதனால்தான். அது பழைய ஐந்தாவது நீர் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒவ்வொரு படியிலும் படிகம் கலைந்து வேறொன்றாக எழுகிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விடை, ஒரே கட்டடத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறுவதுபோன்ற ஒரு தவறான சித்திரத்தின் மேல் நிற்கிறது. படிக அமைப்பு தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அது திருத்தப்படாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

படிகம் கலைந்தால் அதன் பண்பும் கலையும் என்பதற்கு ஆறு நீர் உள்ள நிக்கல் சல்ஃபேட்டையும் ஒரு வரி சொல்லிவிடவேண்டும். அதன் மூலக்கூறுகள் திருகுபோல் சுழன்று அடுக்கப்பட்டிருப்பதால் அந்தப் பசும்படிகம் முனைவாக்கப்பட்ட ஒளியின் தளத்தைத் திருப்பும். நீரில் கரைத்துவிட்டால் அந்தப் பண்பு போய்விடும். திருகு இருந்தது அடுக்கில் மட்டுமே.

ஆய்வகத்துக்கு வெளியே இந்த உப்புகள் பெரிய அளவில் விளையும் இடங்களில் முக்கியமானவை பழைய சுரங்கங்கள். இரும்பு சல்ஃபைடான பைரைட் காற்றிலும் நீரிலும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது கந்தக அமிலமும் இரும்பு சல்ஃபேட்டும் உருவாகின்றன. கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் பகுதியில் உள்ள ரிச்மண்ட் சுரங்கத்தில் அமிலத்தன்மை பி.எச். மைனஸ் 3.6 வரை போனது அளக்கப்பட்டிருக்கிறது. அங்கே சுவர்களில் ஏழு நீர், நான்கு நீர், ஒரு நீர் என்று இரும்பு சல்ஃபேட்டுகள் பூத்துத் தொங்குகின்றன. வறண்ட காலத்தில் அமிலத்தையும் உலோகங்களையும் திடவடிவில் சேமித்து வைப்பவை இவையே. மழைநீர் உள்ளே புகுந்ததும் சேமித்ததெல்லாம் ஒரே மூச்சில் கரைந்து ஆற்றுக்குப் போகும். சுரங்கத்தை அடைத்து நீரால் நிரப்பிவிட்டால் ஆக்சிஜன் நின்று சிக்கல் தீரும் என்று ஒரு யோசனை இருந்தது. நார்ட்ஸ்ட்ரோமும் ஆல்பர்ஸும் 1999-ல் அதன் ஆபத்தை எடுத்துக்காட்டினார்கள்: உள்ளே குவிந்திருக்கும் உப்புகள் கரைந்து, மலைக்குள்ளேயே மிகக் கொடிய அமில ஏரி ஒன்று உருவாகிவிடும். எந்த உப்பு, எத்தனை நீரோடு, எவ்வளவு எளிதில் கரையும் என்ற படிகக் கேள்வி இங்கே ஓர் ஆற்றின் உயிர்நாடியாகிறது.

செவ்வாய் கோளில் இந்தக் கேள்வி இன்னும் விரிவடைகிறது. 2004-ல் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி சல்ஃபேட் நிறைந்த பாறைகளைக் கண்டது. அவற்றில் தட்டையான படிகங்கள் இருந்து கரைந்துபோன வெற்றிடங்களும் தெரிந்தன. 2005-ல் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் ஒமேகா கருவி, கீசரைட்டையும் ஜிப்சத்தையும் அதிக நீருள்ள சல்ஃபேட்டுகளையும் செவ்வாயின் பல பகுதிகளில் அடையாளம் கண்டது. அந்த வெற்றிடங்களில் முன்பு இருந்தது எது? கனடாவின் ரொனால்ட் பீட்டர்சன் ஒரு பழைய உப்பைத் தேடிப் போனார். 1837-லேயே ஃபிரிட்ஷே, பனிக்குளிரில் உருவாகும், பன்னிரண்டு நீர் உள்ள மக்னீசியம் சல்ஃபேட் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார். பீட்டர்சன் குழு அதன் படிக அமைப்பைக் கண்டபோது நீர் பதினொன்றுதான் இருந்தது: ஆறு மக்னீசியத்தைச் சுற்றி, ஐந்து தனியாக, தங்களுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பால் பின்னிக்கொண்டு. எடையில் 62 விழுக்காடு நீர். 2 டிகிரி செல்சியசுக்கு மேல் அது எப்சம் உப்பாகவும் உப்பு நீராகவும் பிரிந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் உறைந்த குட்டைகளில் அது இயற்கையாகவே இருப்பதையும் கண்டு, செவ்வாயின் சமவெளி நினைவாக மெரிடியானைட் என்று பெயரிட்டார்கள். செவ்வாயின் வெற்றிடங்களில் அது இருந்திருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. குளிர்ந்த உப்பு நீர் உறைந்து, பின் இளகி வடிந்திருந்தால் அப்படிப்பட்ட அச்சுகள் மிஞ்சும்.

ஆனால் பாறையில் இன்று காணும் உப்பை வைத்து அன்று எவ்வளவு நீர் இருந்தது என்று நேராகக் கணக்குப் போட முடியாது. வேனிமனும் அவர் குழுவினரும் 2004-ல் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. கீசரைட்டை ஈரக்காற்றில் வைத்தால் நீரை உறிஞ்சி ஆறு நீர், ஏழு நீர் உள்ள உப்பாகும். அதைத் திரும்ப உலர்த்தினால் கீசரைட் வருவதில்லை. ஒழுங்கற்ற, படிகமில்லாத திடப்பொருள்தான் வருகிறது. நீர் உள்ளே வந்த வழியும் வெளியே போகும் வழியும் வேறு வேறு. மேலே சொன்ன அமைப்புகளை நினைத்தால் இது புரியும். ஆறு நீர் சூழ்ந்த மக்னீசியம், கீசரைட்டாக மாறவேண்டுமானால் நான்கு சல்ஃபேட்டுகளை அருகே இழுத்து, நீரை அண்டை மக்னீசியத்தோடு பங்கிட்டு, முழு அமைப்பையும் கட்டியெழுப்பவேண்டும். குளிரில் அதற்கான அசைவு கிடைப்பதில்லை. ஆகவே செவ்வாயில் கீசரைட் இருக்கும் இடத்தில் அது இருப்பதே ஒரு தகவல்: அந்தப் பாறை உருவானபின் பெரிதாக நனையவில்லை என்பதற்கான குறிப்பு அது.

2012-ல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி தன்னோடு ஓர் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியைக் கொண்டுபோனது. வேற்றுக் கோளில் அப்படி ஒரு கருவி இயங்கியது அதுவே முதல் முறை. மியூனிக்கில் மயில்துத்தத்தின் வழியே கதிர் பாய்ந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து. மவுண்ட் ஷார்ப் மலையில் மேலேறி சல்ஃபேட் அடுக்குகளை அடைந்தபின், 2022-ல் கனைமா என்று பெயரிட்ட இடத்தில் துளையிட்டு எடுத்த தூளில் ஸ்டார்க்கியைட் இருப்பதைக் கருவி காட்டியது. நான்கு நீர், இரண்டு சல்ஃபேட் ஆக்சிஜன், வளையம் வளையமாக அமைந்த அதே உப்பு. அதோடு படிகமில்லாத மக்னீசியம் சல்ஃபேட்டும் கலந்திருந்தது. ஊர்தியின் உள்ளே வெப்பம் வெளியே உள்ளதைவிட அதிகம். நீர் அதிகமுள்ள சல்ஃபேட் ஒன்று அந்தப் பாறையில் இருந்திருந்தால் அளவிடுவதற்குள் நீரை இழந்து உருக்குலைந்திருக்கக்கூடும். ஸ்டார்க்கியைட் அந்த வெப்பத்தைத் தாக்குப்பிடித்தது, அதனால் கண்ணில் பட்டது. செவ்வாய்ப் பாறைகளைப் பூமிக்குக் கொண்டுவரத் திட்டமிடுகிறவர்கள் அவற்றை அங்கே இருந்த குளிரிலேயே, அங்கே இருந்த ஈரப்பதத்திலேயே மூடிக் காக்கவேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கு வந்து சேர்வது அங்கே எடுத்த உப்பாக இருக்காது.